ஃபோர்ட்ரான் தாத்தாவும் பைத்தான் பேரனும்

புராஜெக்ட் கைடு ஒரு பழைய ஃபோர்ட்ரான் ஃபைலைக் கையில் கொடுத்து, "இதை பைத்தான்ல ஓட வைப்பா"னு சொன்னா என்ன பண்ணுவீங்க? வரிவரியா மாத்தி எழுத உட்கார்ந்துடுவீங்கதானே? வேண்டாம் பாஸ்!

ஃபோர்ட்ரான் 1957-ல் ஐ.பி.எம்.மின் ஜான் பேக்கஸ் டீம் வெளியிட்ட மொழி. வயசாச்சேனு நக்கல் அடிக்காதீங்க. பைத்தானின் சைபையில் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது உள்ளே உழைக்கிறது, 1992-ல் வந்த லாபேக் என்ற ஃபோர்ட்ரான் லைப்ரரிதான். பல வருஷம் ஓடித் தேறின கோடை மாத்தி எழுதினா வேகம் குறையலாம், புதுத் தப்பும் நுழையலாம்.

மாத்தாம அப்படியே கூப்பிட ஒரு டூல் இருக்கு. பேரு எஃப்2பை. பியாரு பீட்டர்சன் 1999-ல் தொடங்கியது. இப்போ நம்பையோடவே வருது. ஃபோர்ட்ரான், சி கம்பைலர்கள் வேணும். பைத்தான் 3.12 முதல் மெசான் என்ற பில்டு டூலும் வேணும். ஃபைலைக் கொடுத்தா, பைத்தானில் இம்போர்ட் பண்ற மாட்யூலா மாத்திக் கொடுத்துடும். சப்ரூட்டீனை சாதாரண ஃபங்ஷன் மாதிரி கூப்பிடலாம்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். அரேயில் உள்ள எண்களை இரட்டிப்பாக்கும் சப்ரூட்டீன் ஒண்ணு. கேட்பது டபுள் பிரசிஷன். நீங்க 1, 2, 3, 4-னு முழு எண் அரேயைக் கொடுக்கறீங்க. எரர் வராது. ஆனா பிரின்ட் பண்ணினா அதே 1, 2, 3, 4! ஏன்? டைப் பொருந்தாததால் எஃப்2பை ஒரு காப்பி எடுத்து அனுப்பிடுச்சு. இரட்டிப்பானது காப்பி, உங்க ஒரிஜினல் அப்படியே இருக்கு. அதையே ஃப்ளோட்64-ஆ கொடுத்தா ஒரிஜினலே மாறும். ஒரே கோடு, ரெண்டு விடை!

இதுக்கு மருந்து ஒரே ஒரு வரி. அந்த அரே உள்ளே போய் வெளியேயும் வரணும்னு ஃபோர்ட்ரான் ஃபைலில் எஃப்2பைக்கான கமென்ட்டா 'இன்டென்ட் இன், அவுட்'னு எழுதிடுங்க. மாறின அரே ரிட்டர்னா வரும், அதை வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு. மேட்ரிக்ஸை நம்பை வழக்கமா வரிசை வரிசையா அடுக்கும். ஃபோர்ட்ரான் நெடுக்கா அடுக்கும். பொருந்தாட்டி அதுக்கும் காப்பிதான். விடை கெடாது, ஆனா பெரிய மேட்ரிக்ஸை லூப்பில் அனுப்பினா நேரமும் மெமரியும் வீண். உருவாக்கும்போதே ஆர்டரை 'எஃப்'னு கொடுத்துடுங்க.

கடைசியா, கையால் கணக்குப் போடக்கூடிய சின்ன டேட்டாவை முதலில் ஓட்டிப் பாருங்க. "இந்த விடை சரினு எப்படிச் சொல்றே?"னு வைவாவில் கேட்டா, அந்தப் பேப்பரை நீட்டலாம்!