பெயரில்லாத மண்டையோடு வெறும் சீனி

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசியில் எங்கட ஃபோன் திரைகளில் மண்டையோட்டுக் கேக்குகள் வரத் தொடங்கும். கறுப்பு ஐசிங், இரத்தம் மாதிரி வழியிற ஜாம், பக்கத்தில் ஒரு பூசணிக்காய். தலைப்பு: 'ஹலோவீன் ஸ்பெஷல், மெக்சிக்கன் ஸ்டைல்'. கீழே இரண்டு பகுதி ஆக்கள் வந்து கதைப்பினம். ஒரு பகுதி 'செம கியூட்' எண்டு சொல்லும். மற்றப் பகுதி 'செத்தவையை வச்சு இனிப்புச் செய்யிறது என்ன கலாசாரம்?' எண்டு முகம் சுளிக்கும். நாங்கள் இந்த இரண்டு பகுதிக்கும் எதிராகத்தான் எழுதுகிறோம்.

முதலில், இறந்தோர் நாள் ஹலோவீன் அல்ல. மெக்சிக்கோவில் அது நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் வருகிறது. பொதுவாக முதல் நாள் இறந்துபோன பிள்ளைகளுக்கு, இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. வீட்டில் படையல் மேசை போடுவார்கள். அதில் போனவரின் படம், மெழுகுதிரி, தண்ணீர், உப்பு, செம்மஞ்சள் செவ்வந்திப் பூ, அவருக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் இருக்கும். மாவை எலும்பு மாதிரி உருட்டி மேலே வைத்துச் சுட்ட 'இறந்தோர் பாண்' உம் இருக்கும். அங்கே பயப்பட ஒன்றுமில்லை. வருவது பேய் இல்லை, வீட்டு ஆக்கள்.

அந்த மேசையில்தான் சீனி மண்டையோடும் இருக்கிறது. சீனியைத் தேசிக்காய்ப்புளி விட்டுப் பாகாகக் காய்ச்சி, தண்ணீரில் ஊறவைத்த மண் அச்சில் ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் நடுவில் மிஞ்சின பாகைத் திருப்பி ஊற்றிவிட, உள்ளே வெறுமையான ஓடு கிடைக்கும். ஆறினபிறகு வண்ண ஐசிங்கால் பூப்போடுவார்கள், பளபளக்கிற தாள் ஒட்டுவார்கள். பிறகு நெற்றியில் ஒரு பெயரை எழுதுவார்கள். தொலூக்கா நகரில் இந்த இனிப்புகளுக்கெண்டே வருடா வருடம் சந்தை கூடுகிறது.

எங்களுக்கு முக்கியம் அந்தப் பெயர்தான். அது இறந்தவரின் பெயராக இருக்கலாம். உயிரோடு இருக்கிற சிநேகிதியின் பெயரை எழுதி அவளுக்கே கொடுப்பதும் உண்டு. 'நீயும் ஒருநாள் போவாய், இப்ப இதைச் சாப்பிடு' என்கிற பகிடி அது. இரண்டிலும் சாவு ஒரு ஆளுடையது, அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

சந்தை முதலில் அழிப்பது அந்தப் பெயரைத்தான். 2013 இல் டிஸ்னி நிறுவனம் தன் படம் ஒன்றுக்காக இந்த நாளின் ஸ்பானியப் பெயரையே வணிக முத்திரையாகப் பதியக் கேட்டது. எதிர்ப்பு வெடித்தபிறகுதான் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தது. 2015 இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்துக்காக மெக்சிக்கோ நகரத்தில் ஒரு மண்டையோட்டு ஊர்வலத்தைக் கற்பனையாகச் சோடித்தார்கள். அடுத்த வருடமே உல்லாசப் பயணிகளுக்காக நகரம் அதை உண்மையிலேயே நடத்தியது. 2019 இல் பார்பி பொம்மைக்கும் மண்டையோட்டு முகம் வந்தது. எல்லாவற்றிலும் மண்டையோடு இருக்கு. நெற்றியில் யாருடைய பெயர் இருக்கு?

'அப்ப நீங்களும் கலாசாரத் தூய்மை கதைக்கிறீங்களோ?' எண்டு கேட்பீர்கள். இல்லை. இந்த இனிப்பே கலப்பில் பிறந்தது. கரும்பைக் கொண்டுவந்தது ஸ்பானியர். இந்தச் சீனி வேலைப்பாடு அரபிகளிடமிருந்து ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தது. தொப்பி போட்ட பிரபல எலும்புக்கூட்டுச் சீமாட்டியை ஹொசே குவாடலூப்பே பொசாதா 1910ஐ அண்டிச் செதுக்கியதும், தங்கள் பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பியராக நடித்தவர்களைக் கிண்டலடிக்கத்தான். கலப்பில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆளை நீக்கிவிட்டு எலும்பை மட்டும் விற்பதுதான் பிரச்சினை.

இனி முகம் சுளிக்கிற பகுதிக்கு வருவோம். எட்டுச்செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைக்கிற நாங்களா இதை விசித்திரம் எண்டு சொல்லுறது? அதே நவம்பர் 2 இல் எங்கட கத்தோலிக்கச் சனம் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிறதே, அதுவும் விசித்திரமா? 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காக ஆட்களைக் கைது செய்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான் அந்தக் கஞ்சி. சாப்பாட்டுக்குள் செத்தவர்களின் நினைவு இருக்கு எண்டது அதிகாரத்துக்கு வடிவாக விளங்குது. எங்களுக்கு விளங்கேல்லையெண்டால் வெட்கம்.

நாளைக்கு ஆராவது அந்தக் கஞ்சியைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, மேலே புதினா இலை வைத்து, 'வோர் தீம் சூப்' எண்டு விற்றால் நாங்கள் என்ன செய்வோம்? அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை மெக்சிக்கோக்காரருக்கும் கொடுப்போம்.

செய்யவேண்டாம் எண்டு சொல்லேல்ல. அச்சு வாங்குங்கோ, பாகு காய்ச்சுங்கோ, கேக்கிலும் செய்யுங்கோ. ஆனால் ஜாம் இரத்தத்தை விடுங்கோ. எந்த ஊர் ஆக்களிடமிருந்து எடுத்தது எண்டு எழுதுங்கோ. நெற்றியில் உங்கட அம்மம்மாவின் பெயரையோ, உங்களோடு படித்து இடையில் போன ஒருவரின் பெயரையோ எழுதுங்கோ. சாப்பிடும்போது அவரைப் பற்றிக் கதையுங்கோ. எழுத ஒரு பெயரும் வரவில்லையெண்டால், அண்டைக்குச் சாதாரண பட்டர் கேக் சுட்டாலே போதும்.