வெளிநாட்டில் பிறக்கும் இந்தியக் குழந்தை: பாஸ்போர்ட்டுக்கு முன்னால் நிற்கும் ஓராண்டு கெடு

புது டெல்லி: ஷார்ஜாவிலோ தோஹாவிலோ ஒரு குழந்தை பிறக்கிறது. தாய், தந்தை இருவரும் இந்தியர்கள். எனவே குழந்தையும் பிறந்த கணம் முதல் இந்தியக் குடியுரிமை பெற்றுவிட்டது என்பதே பொதுவான நம்பிக்கை. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 3ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பு, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவை. இரண்டும் இல்லையெனில், பெற்றோர் இருவரும் இந்தியர்களாக இருந்தாலும் அக்குழந்தை இந்தியக் குடிமகன் அல்ல.

1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, வம்சாவளி வழியாகக் கிடைக்கும் குடியுரிமையைப் பற்றிப் பேசுகிறது. தொடக்கத்தில் அது தந்தையின் குடியுரிமையை மட்டுமே கணக்கில் கொண்டது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தாயும் குடியுரிமையைக் கடத்த முடியும் என்ற நிலை, 1992 டிசம்பர் 10ஆம் தேதி முதல்தான் வந்தது. பதிவு கட்டாயம் என்ற நிபந்தனை அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. அந்தப் பதிவின்போது, குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி அளிக்க வேண்டும்.

ஆக, தூதரகத்தில் நடப்பவை இரண்டு வேலைகள். முதலாவது, குழந்தையைக் குடிமகனாகப் பதிவு செய்வது. இரண்டாவது, அதற்குப் பாஸ்போர்ட் வழங்குவது. இரண்டையும் ஒன்றாகவே முடித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. எங்கோ ஓர் ஆவணம் சிக்கும்போதுதான் அது தெரிய வருகிறது.

அமெரிக்கக் கணக்கு: அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்கு அந்நாட்டு அரசமைப்பின் 14ஆவது திருத்தம் குடியுரிமை அளிக்கிறது. அங்கு எச்-1பி விசாவில் பணிபுரியும் இந்தியத் தம்பதியர் பலர், குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இந்தியாவின் ஓசிஐ அட்டையும் பெற்றுவிடுகின்றனர். வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் 4ஆம் தேதி வெளியான மத்திய அரசின் அறிவிக்கையின்படி, நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் ஓசிஐ அட்டைதாரர்கள் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான இடங்களுக்கோ கூடுதல் இடங்களுக்கோ மட்டுமே போட்டியிடலாம். அந்த அறிவிக்கைக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது என 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்று அட்டை பெறும் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்காகப் பெற்றோர் எடுக்கும் முடிவு, பதினெட்டு ஆண்டுகள் கழித்து மருத்துவக் கல்லூரி வாசலில் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கைத்தான் அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 ஜனவரி 20ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு குலைத்தது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவராகவோ இல்லாவிட்டால், குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை என்றது அந்த உத்தரவு. கீழமை நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அப்படியொரு விதி நடைமுறைக்கு வந்தால், இந்தியத் தூதரகப் பதிவைத் தேவையற்றதாகக் கருதி வந்த மென்பொருள் பொறியாளர்களின் குடும்பங்களுக்கு அது ஒன்றே வழியாகிவிடும்.

பெற்றோரின் குடியுரிமை மாறிய தேதியும் முக்கியம். சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற பின் ஒரு தம்பதிக்குப் பிறந்த மகன், பெற்றோர் முன்பு இந்தியர்களாக இருந்ததைக் காட்டி இந்தியக் குடியுரிமை கோரினார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெற்றோர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றபோது அவர் கருவில் இருந்தார் என்பதும் முடிவை மாற்றவில்லை.

வளைகுடாவில் கெடுவின் பாரம்: வளைகுடா நாடுகளில் மண்ணில் பிறந்ததற்காகக் குடியுரிமை கிடைக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறக்கும் குழந்தைக்கு 120 நாட்களுக்குள் வசிப்பிட விசா பெற வேண்டும். தவறினால் அபராதம் நாள்தோறும் ஏறும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு உள்ளூர் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குப் பெற்றோரின் சான்றொப்பமிட்ட திருமணச் சான்று கேட்கப்படுவது வழக்கம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது நகராது.

அறுவது பெரும்பாலும் யாருக்கு? முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் தொழிலாளிக்கு. விசா முடிந்தும் வெளியே சொல்லத் துணியாத வீட்டுப் பணிப்பெண்ணுக்கு. மருத்துவமனைக் கட்டணம் செலுத்த முடியாதவருக்கு. கணவர் கைவிட்டுச் சென்ற பெண்ணுக்கு. ஒரு பெற்றோரின் ஒப்புதல் மட்டுமே இருக்கும்போது பாஸ்போர்ட் கேட்கத் தனி உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அந்தத் தாய் தூதரக வாசல் வரை வர முடிந்தால்தானே அதற்குப் பயன்? 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் அறிவித்த பொதுமன்னிப்பில், அங்கு பிறந்து ஆவணமின்றி வளர்ந்த குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். அத்தகைய குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஊர் திரும்பிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, இந்தியாவில் குடியேறத் திரும்பும் பெற்றோருக்கு, குழந்தை வந்து சேர்ந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வாய்ப்பளிக்கிறது. ஆனால் குடியுரிமைச் சட்டம் கேட்பது தூதரகப் பதிவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஒரே விதி, இரு நிலைமை: இரு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பதைத் தடுப்பது அரசின் நியாயமான அக்கறையே. அதற்கு, வேறு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியே போதும். ஓராண்டு கெடுவை அமெரிக்காவுக்கும் அமீரகத்துக்கும் ஒரே விதமாகப் பொருத்துவதுதான் சிக்கல். கெடுவைத் தவறவிட்டால் நியூ ஜெர்சியில் பிறந்த குழந்தைக்கு இன்றைய நிலையில் இன்னொரு நாடு இருக்கிறது. ஷார்ஜாவில் பிறந்த குழந்தைக்கு எந்த நாடும் இல்லை. நாடற்றோர் குறித்த 1954, 1961ஆம் ஆண்டுகளின் ஐநா உடன்படிக்கைகளில் இந்தியா இணையவில்லை. எனினும், பிறந்தவுடன் பதிவு செய்யப்படவும் ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு எனக் கூறும் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992இல் ஏற்றுள்ளது.

தாமதப் பதிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது. பிறப்பால் குடியுரிமை வழங்காத நாடுகளில் உள்ள தூதரகங்களுக்கேனும் அந்த அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தால், கோப்பு ஓர் அமைச்சகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணிக்கும் மாதங்கள் மிச்சமாகும். ஆறு வளைகுடா நாடுகளில் மட்டும் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் வசிக்கின்றனர். தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று நடத்தப்படும் தூதரக முகாம்களில் பாஸ்போர்ட் புதுப்பிப்புடன் பிறப்புப் பதிவையும் சேர்ப்பது பெரிய செலவு அல்ல.

அதுவரை பெற்றோர் கவனிக்க வேண்டியது: கைக்குழந்தைக்கு வழங்கப்படும் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். தூதரகம் தரும் பிறப்புப் பதிவுச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அந்தத் தாளை அலட்சியமாக எங்கோ வைத்துவிடுபவர்கள் அதிகம்.