இரவு ஷிஃப்ட் வீட்டுக்குக் காவல்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு இரவு ஷிஃப்ட் பஸ் கிளம்பியதும், குன்றத்தூரில் பல வீடுகளில் பெண்களும் பெரியவர்களும் குழந்தைகளும் மட்டுமே இருப்பார்கள். 1966-ல் நியூயார்க்கில் வசித்த நர்ஸ் மேரி வான் பிரிட்டன் பிரவுனுக்கும் இதே பயம்தான். கணவர் இல்லாத இரவுகளில் யாராவது கதவைத் தட்டினால் என்ன செய்வது? வெளியே நிற்பவரை உள்ளிருந்தே டி.வி.யில் பார்க்கும் அமைப்பைக் கணவரோடு சேர்ந்து உருவாக்கினார். 1969-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இன்று சின்னச் சின்ன சென்சார்கள் போதும். கதவில் காந்தம், நிலையில் சுவிட்ச். கதவு திறந்து இரண்டும் விலகினால் மொபைலுக்குத் தகவல் போகும். அசைவு சென்சார், உடல் வெப்பத்தை வைத்து நடமாட்டத்தை அறியும். அதை விளக்கோடு இணைத்தால், நள்ளிரவில் பாட்டி எழுந்து நடக்கும்போது லைட் தானாக எரியும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. கரன்ட் போனால் வைஃபையும் போய்விடும். ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணையுங்கள். அடுத்து, பல ஆலைகளுக்குள் மொபைலுக்கு அனுமதி இல்லை. லாக்கரில் கிடக்கும் போனுக்கு மட்டும் தகவல் வந்து என்ன பயன்? சத்தமாக அலறும் சைரனையும் பொருத்துங்கள். நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரின் போனுக்கும் தகவல் போகும்படி செய்யுங்கள். சென்சார் சொல்லத்தான் செய்யும். ஓடி வர மனிதர்கள் வேண்டும்.