மானுக்கு மூக்கு அரித்ததைப் பார்க்க விடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

உங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் அம்மா நான். போன ஆண்டு மாமல்லபுரச் சுற்றுலாவில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள உடன் வந்தவள். அன்று பட்ட வருத்தத்தை வகுப்பாசிரியையிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளைங்களுக்கு சிற்பம் எல்லாம் எங்கம்மா புரியப் போகுது?" என்றார். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நாங்கள் நின்றது 20 நிமிடம். வரிசை கட்டவும் தலை எண்ணவுமே பாதி போயிற்று. பிறகு ஆசிரியை சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள்: ஏழாம் நூற்றாண்டு, பல்லவர், அர்ச்சுனன் தவம். எதிரே ஏறத்தாழ 90 அடி நீளத்துக்குப் பாறை முழுக்க உயிர்கள். பிள்ளைகளின் கண்ணோ நோட்டில்.

என் மகள் என் புடவையை இழுத்தாள். "அம்மா, அந்த மானுக்கு மூக்கு அரிக்குது."

பார்த்தேன். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது மான். எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. சொறியும் சுகம்கூட அந்தக் கல்லில் தெரிகிறது. பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பெரிய யானையின் காலடியில் குட்டிகள் அகப்பட்டன. இன்னொருத்தி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடித்தாள். "பூனையைப் பார்த்து எலி ஏன் ஓடலை?" என்று கேட்டாள்.

"பேசாம எழுது" என்றார் ஆசிரியை.

அம்மா, அந்தக் கேள்விக்குள் ஒரு கதையே இருக்கிறது. அதைவிட நல்ல பாடத்தை யார் நடத்திவிட முடியும்? பாறையில் இருப்பது அர்ச்சுனன் தவமா, கங்கையைக் கொண்டுவர பகீரதன் செய்த தவமா என்று அறிஞர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நடுவிலுள்ள பிளவையும் அதில் நீந்தும் நாகர்களையும் காட்டி, "இங்கே என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளும் அந்த விவாதத்தில் சேர்ந்திருப்பார்கள். எட்டு வயதுக்கு அது முடியும். என் கண்ணால் பார்த்தேன்.

கலை ஆசிரியர் இல்லை என்பீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே, கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்பதை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் சொல்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒரு வரி கிடையாது. அந்தக் குறை உங்களுடையது அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்பது ஓவிய ஆசிரியரை அல்ல. பிள்ளை பார்க்கும்வரை காத்திருக்க ஒரு பெரியவர் போதும்.

மறுநாள் வகுப்பில் 'மாமல்லபுரம் சென்று வந்தேன்' கட்டுரையை ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட, எல்லோரும் அதையே எழுதினார்கள். என் மகள் கடைசியில் மானைச் சேர்த்திருந்தாள். சிவப்பு மையால் அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு அவள் வீட்டிலும் மானைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.

இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பொழுதுபோக்குப் பூங்காவுக்கு மூன்று மணி நேரம், பாறைக்கு மீண்டும் 20 நிமிடம். பூங்காவிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துப் பாறைக்குக் கொடுங்கள். நோட்டுகள் பேருந்திலேயே இருக்கட்டும். உடன் வர நான் தயார்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா