வீட்டுக்கு ஒரு நாற்காலி

அரசுக் கருவூலம் வற்றும்போதெல்லாம் ஒரு யோசனை தவறாமல் தலைதூக்குகிறது. கணவனும் மனைவியும் அரசுப் பணியில் இருக்கும் வீடுகளில் ஒருவரை நிறுத்திவிட்டால் என்ன? அண்மையில் நம் கல்லூரி ஆசிரியர் அறையில் இதனை முன்மொழிந்தவர் சங்க இலக்கியத்தில் துறைபோகியவர், நல்ல மனிதருங்கூட. "வீட்டுக்கு ஒரு நாற்காலி போதாதா, ஐயா?" என்றார். அங்கிருந்த நான்கு பெண் ஆசிரியர்களுள் மூவர் விடைத்தாள் கட்டிலிருந்து தலை நிமிரவில்லை. நான்காமவர் வகுப்பிருக்கிறது என்று எழுந்து போனார். (அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பில்லை என்பதை நாம் அறிவோம்.)

யோசனைக்குப் பின்னால் உள்ள வேதனையை நாம் எள்ளவில்லை. 2022-இல் தொகுதி நான்கு தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 22 லட்சம். பந்தியில் இடம் கிடைக்காதவன், இரண்டு இலை விரித்த வீட்டைப் பார்த்துப் பெருமூச்செறிவது இயல்பே. ஆயின் இந்த யோசனை புதிதன்று. ஒரு நாடு இதைச் சட்டமாகவே இயற்றி நடத்திப் பார்த்துவிட்டது.

பெருமந்தத்தின் நடுவில், 1932 சூன் 30 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹூவர் கையொப்பமிட்ட சிக்கனச் சட்டத்தில் 213 என்றொரு பிரிவு இருந்தது. ஒரு துறையில் ஆட்குறைப்பு நேர்ந்தால், எவருடைய கணவனோ மனைவியோ கூட்டாட்சி அரசுப் பணியில் இருக்கிறாரோ அவரை முதலில் நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். 'பெண்' என்ற சொல்லே அதில் இல்லை. கணவன், மனைவி இருவருக்கும் பொது. எழுத்தளவில் மாசற்ற நடுவுநிலைமை! நடந்தது என்ன? ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். கணவன் படையில் சாதாரணச் சிப்பாயாய் இருந்தாலும் அதுவும் அரசுப் பணியே என்று கொண்டு மனைவியை அனுப்பினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1937-இல் அப்பிரிவு நீக்கப்பட்டது.

யாரை அனுப்புவது என்று அலுவலகமும் வீடும் சேர்ந்து தீர்மானிக்கும்போது குறைந்த ஊதியம் உடையவரே வெளியேறுவார். குறைந்த ஊதியம் பெண்ணுடையது. அது ஏன் குறைந்தது? பிள்ளைப்பேற்றுக்கும் மாமியாரின் நோய்க்கும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவள் அவள். கணவனுக்கு மாறுதல் வந்தபோது தன் பதவி உயர்வை வேண்டாமென எழுதிக் கொடுத்தவளும் அவளே. முன்னர் இழைத்த அநீதியைக் கணக்கில் வைத்து, அதையே பின்னர் இழைக்கும் அநீதிக்கு அளவுகோலாக்குகிறார்கள். அளவுகோல் நேராகத்தான் இருக்கிறது. நிலந்தான் சரிவு.

நம் நாட்டில் இவ்வளவு சுற்றிவளைத்தலும் இருந்ததில்லை. 1951-இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாநிலத்தைத் தெரிந்துகொண்ட அன்னா ராஜம் ஜார்ஜின் நியமன ஆணையிலேயே, திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை இருந்தது. சென்னையில் பயின்று 1949-இல் அயலுறவுப் பணியில் சேர்ந்த முத்தம்மா, முப்பது ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. திருமணத்துக்குப் பெண் அதிகாரி அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும். மணமானபின் குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என அரசு கருதினால் விலகச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இவ்விதி இல்லை. 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் இதனைக் கடுமையாகச் சாடினார். ஆண் மணம் செய்தால் அவனுக்கு ஒரு வீடு கிடைக்கிறது, பெண் மணம் செய்தால் அரசு ஓர் ஊழியரை இழக்கிறது என்ற எண்ணம் அந்த விதியோடு ஒழிந்ததா? ஆசிரியர் அறைகளில் அது இன்னும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறது.

நண்பரிடம் நாம் கேட்டது இதுதான். தந்தையும் மகனும் அரசுப் பணியில் இருந்தால் ஒருவரை நிறுத்தலாமா? உடன்பிறந்தார் மூவர் ஒரே கூரையின்கீழ் மூன்று துறைகளில் இருந்தால்? அரசுச் சம்பளத்தோடு பத்து ஏக்கர் நஞ்சையும் ஓர் அரிசி ஆலையும் உடையவருக்கு நாற்காலி எதற்கு? "அது எப்படி, ஐயா, அவரவர் உழைப்பல்லவா?" என்றார். மனைவியின் உழைப்பு மட்டும் எப்போது அவளுடையதாக இல்லாமற்போயிற்று என்ற கேள்விக்கு விடையில்லை.

இன்னொன்று, இதைவிடக் கொடியது. பட்டியலில் ஏறாத பணியைக் குறைத்தால் அது குறைப்பாகவே தெரியாது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் அனைவரும் பெண்கள். பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியம். அவர்கள் வகிப்பது அரசுப் பதவியே அன்று என 2006 இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று சொல்ல அதே நீதிமன்றத்துக்கு 2022 வரை ஆயிற்று. நாற்காலியே தரப்படாதவர்களை எழுந்திருக்கச் சொல்ல ஆணைகூட வேண்டியதில்லை.

ஆட்குறைப்பு தவிர்க்க முடியாததென்றால் பணிமூப்பின்படி செய்யுங்கள். மகப்பேற்று விடுப்பையும் பராமரிப்புக்கு எடுத்த விடுப்பையும் பணிமூப்பில் கழிக்காதீர்கள். நீக்கப்படுவோரில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஆணையிலேயே அச்சிடுங்கள். தொகுப்பூதியத்தாரையும் மதிப்பூதியத்தாரையும் அக்கணக்கில் சேருங்கள். மணமானவரா, துணைவர் என்ன வேலை பார்க்கிறார் என்ற இரு கட்டங்களையும் அந்தப் படிவத்திலிருந்து அடித்துவிடுங்கள்.