கணக்கு இல்லாதவர் பணம்

புழக்கத்திலிருந்து விலக்கப்பட்ட இரண்டாயிரம் ரூபாய் நோட்டை வங்கிகளில் மாற்றிக்கொள்வதற்கான தவணை 2023 அக்டோபர் 7ஆம் தேதியோடு முடிந்ததையும், அதன்பின் ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில்தான் அதை மாற்ற முடியும் என்பதையும், அந்தப் பத்தொன்பதில் தமிழ்நாட்டுக்கு வாய்த்தது சென்னை ஒன்றே என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். நோட்டு இன்னும் சட்டப்படி செல்லும்தான். மலையடிவாரத்துப் போடி கடைவீதியில் அதை நீட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்ட நுட்பத்தின் அருமை தெரியும்.

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, பொழுது சாய்ந்தபின் இறங்கிவரும் ஏலக்காய்த் தோட்டத்து ஜனங்களுக்கு, வங்கி திறந்திருக்கும் நேரமெல்லாம் மலைமேல் காய் பறிக்கும் நேரமே. 2023 செப்டம்பரில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஓர் அம்மாள், முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாய் மடித்து மடிப்பெல்லாம் கறுத்துப்போயிருந்த ஒற்றை நோட்டை ஒரு வங்கியில் நீட்டியதையும், "இங்கே கணக்கு இருக்கா? இல்லேன்னா உங்க பேங்க்குக்குப் போங்கம்மா" என்று உள்ளிருந்து பதில் வந்ததையும், "எனக்கு எந்த பேங்க்கிலயும் கணக்கு இல்லைங்கய்யா" என்று அவள் சொன்னதைக் கேட்க அந்த ஜன்னலில் அப்போது ஒருவரும் இல்லாதிருந்ததையும் நாம் கண்ணால் கண்டோம். கணக்கு இல்லாதவரும் எந்த வங்கியிலும் ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம் என்பதே ரிசர்வ் வங்கியின் 2023 மே மாதத்து அறிவிப்பு. அது ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டது போலும்.

இன்னொரு நாள் கூலியை இழக்க மனமின்றி அவள் நோட்டை மறுபடி முடிந்துகொண்டு போனாள், தவணையும் போயிற்று. ரிசர்வ் வங்கிக்குத் தபாலில் அனுப்பலாமே என்கிறார்கள். தபாலில் போகும் தொகை வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படும், ரொக்கமாகத் திரும்பாது. ஆகவே கணக்கு இல்லை என்பதற்காகத் துரத்தப்பட்டவளுக்குக் காட்டப்படும் மாற்று வழி, கணக்கு உள்ளவர்களுக்கான வழி! இல்லையேல் அவள் நேரில் சென்னைக்குப் பிரயாணம் செய்ய வேண்டும். அதற்கு 2023இல் வாரத்தில் மூன்றே நாள் ஓடும் ரயில்தான் இருந்தது. போகவரக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, இழந்த கூலி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் இரண்டாயிரத்தில் என்ன மிஞ்சும்?

இது தோட்டத்து ஜனங்களுக்கு முதல் அனுபவமுமல்ல. 2016 நவம்பரில், காய் பறிப்பு மும்முரமாயிருந்த வேளையில், ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று இரவோடிரவாக அறிவித்துவிட்டு, மாற்றும் வரம்பை 4,000 என்றார்கள், 4,500 என்றார்கள், மாற்றியவர் விரலில் மை என்றார்கள், 2,000 என்றார்கள், கடைசியில் 24ஆம் தேதி நள்ளிரவோடு மாற்றுவதே இல்லை என்றார்கள். நடுவில் மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டைத் தொடவே கூடாதென்றும் ஓர் உத்தரவு. இத்தனையும் பதினாறே நாட்களில்! அப்போது ஜனங்களின் கையில் திணித்ததுதான் இந்த ரோஸ் நோட்டு. ஏ.டி.எம். பெட்டிக்குள் அடங்காத அளவில் அதை அச்சடித்துவிட்டு, பிறகு தேசம் முழுவதும் ஆளனுப்பிப் பெட்டிகளைத் திருத்திய மேதாவிகள், வரிசையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இன்றுவரை ஒரு சமாதானமும் சொன்னதில்லை.

2023 செப்டம்பர் இறுதியில் 96 சதவீத நோட்டு திரும்பிவிட்டதென்று பெருமை வேறு. அப்போது பாக்கியிருந்த சுமார் 14,000 கோடியை வைத்திருந்தவர் அனைவரும் பதுக்கல்காரர் என்று நினைப்பவர்கள், ஒருநாள் காலை ஐந்து மணிக்குப் போடி ஜீப் ஸ்டாண்டில் வந்து நிற்கட்டும். மலையடிவாரத்து ஜனங்களுக்கு ஏதேனும் ஒரு மார்க்கம் செய்தாக வேண்டும். தவணையை நீட்டுவதோ, ஊருக்கே ஆளனுப்புவதோ, எதுவாயினும் சரி.  இனியாவது செய்யட்டும்.