ஊட்டாதீர்கள், அளந்து பாருங்கள்!



பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மிகுதியாக வளர்க்கும் இனங்களுள் ஒன்று 'பந்து மலைப்பாம்பு'. மேற்கு ஆப்பிரிக்காவையும் நடு ஆப்பிரிக்காவையும் சேர்ந்தது, நஞ்சற்றது. அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும். அதனால் இந்தப் பெயர்.

இப்பாம்பை வாங்கியவர்களுக்கு அடிக்கடி நேரும் தொல்லை ஒன்று உண்டு. புதிய வீட்டுக்கு வந்த பாம்பு இரை எடுக்க மறுக்கிறது! ஒரு வாரம், ஒரு மாதம், சில வேளை பல மாதங்கள்கூட. வளர்ப்பவர் பதறுகிறார். தினமும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். உயிருள்ள எலியைக் கூண்டில் விடுகிறார். கடைசியில் வாயைப் பிளந்து இரையைத் திணிக்கவும் துணிகிறார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் எதையும் அளந்து பார்க்காத அன்பு அந்த உயிருக்கே உலை வைத்துவிடும் என்பது என் கருத்து.

இயற்பியல் ஆசிரியருக்குப் பாம்புக் கூண்டில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இந்தப் புதிருக்குப் பாதி விடை இயற்பியலில்தான் இருக்கிறது.

முதலில் ஆற்றல் கணக்கைப் பார்ப்போம். நம் உடல் இரவும் பகலும் சுமார் 37 டிகிரி செல்சியசில் இருந்தாக வேண்டும். அதற்காக ஓயாமல் உணவை எரித்துக்கொண்டிருக்கிறோம். பாம்போ வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. ஓய்ந்திருக்கும்போது, தன் எடையுள்ள பாலூட்டி செலவிடும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குத் தேவைப்படுவதில்லை. முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் தாய்ப் பாம்பு சுமார் இரண்டு மாதம் பெரும்பாலும் உண்ணாமலே இருந்துவிடுகிறது. ஆகவே, நம் பட்டினியை வைத்து அதன் பட்டினியை எடைபோடுவது தவறு.

அடுத்தது வெப்பநிலை. செரித்தல் என்பது வேதிவினைகளின் தொடர். குளிர்ந்த உடலில் அவ்வினைகள் மந்தமாகின்றன. விழுங்கிய எலி செரிக்காமல் அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். பர்மிய மலைப்பாம்பைப் பற்றி 2005-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பானது: பெரிய இரையை விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் அதன் இதயக் கீழறைத் தசையின் நிறை 40 விழுக்காடு கூடுகிறதாம்! உண்பது பாம்புக்கு எவ்வளவு பெரிய வேலை, பாருங்கள். குளிரிலும் அச்சத்திலும் இருக்கும் பாம்பு அந்த வேலையைத் தள்ளிப்போடுவதில் என்ன வியப்பு? கூண்டின் ஒரு முனை 31 அல்லது 32 டிகிரியிலும், மறு முனை 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். வெப்பமானியை அறைச் சுவரில் மாட்டிப் பயனில்லை. பாம்பு படுக்கும் தரையில் வைக்க வேண்டும். உள்ளே ஒளிந்துகொள்ள இருட்டான பொந்தும் வேண்டும்.

மூன்றாவது செய்தி இன்னும் சுவையானது. இப்பாம்பின் மேலுதட்டில் சிறு குழிகள் உண்டு. அவை அகச்சிவப்புக் கதிர்களை உணர்பவை. 37 டிகிரி செல்சியஸ் என்பது 310 கெல்வின். வீன் விதிப்படி 2898-ஐ 310-ஆல் வகுத்துப் பாருங்கள். எலியின் உடல் மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் சுமார் 9.3 மைக்ரோமீட்டர் என்று கிடைக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. பாம்பின் குழிகளுக்குத் தெரியும். அந்நாடுகளில் உறைய வைத்த எலிகளைக் கடையில் விற்கிறார்கள். உறைநிலை நீங்கினாலும் அறையின் வெப்பநிலையிலேயே இருக்கும் எலி, சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டுத் தெரிவதில்லை. அதைப் பையிலிட்டு வெந்நீரில் சூடாக்கி, மங்கிய ஒளியில் இடுக்கியால் நீட்டினால், பல நாள் மறுத்த பாம்பும் பாய்ந்து பற்றக்கூடும்!

உயிருள்ள எலியை விட்டால் என்ன என்று கேட்கலாம். பசியில்லாத பாம்பை எலியே கடித்துக் குதறிவிடும். வாயில் திணித்தால் உணவுக்குழாய் புண்படலாம், அச்சமும் கூடும்.

அப்படியானால் கை கட்டிக்கொண்டு சும்மா இருப்பதா? இல்லை. வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, வரைபடத்தாளில் குறித்து வர வேண்டும். கோடு ஏறக்குறைய மட்டமாகச் சென்றால் பொறுத்திருக்கலாம். தொடர்ந்து கீழே இறங்கினாலோ, மூச்சில் இரைச்சல் கேட்டாலோ, பாம்பு சிறு குட்டியாக இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். அளந்து காத்திருப்பதும் ஒரு செயல்தான். அதற்குப் பொறுமை இல்லாதவர் பாம்பு வளர்க்கத் தகுதியற்றவர் என்பேன்.

நம் நாட்டு மலைப்பாம்பை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 காக்கிறது. அதை வீட்டில் வளர்க்க முடியாது. ஆனால் இதே தவற்றை நாமும் வேறு வகையில் செய்கிறோம். புற்றில் பால் ஊற்றுகிறோம். பால் குட்டிப் பாலூட்டிகளின் உணவு, பாம்பின் உணவன்று. நமக்கு நல்லது எல்லா உயிருக்கும் நல்லது என்று எண்ணிவிடுகிறோம்!

உங்கள் வீட்டுத் தொட்டியில் மீன் இரை எடுக்கவில்லையா? மேலும் ஒரு பிடி இரையைத் தூவி நீரைக் கெடுத்துவிடாதீர்கள். முதலில் நீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.